பத்தாவது ஆள்

தொலைக்காட்சியில் ஓடிய தேர்தல் கணிப்பில் காவிரிக்கரைத் தொகுதிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. தீர்த்தகிரி ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, அத்தனையும் பொய் என்றார்.

எதிர் நாற்காலியில் இருந்த குழந்தைவேல் மெல்லச் சிரித்தார். அவர் சௌந்தர்யாவின் தாய்மாமன். அவள் அப்பா தீர்த்தகிரிக்கு நேர் எதிர்க்கட்சி.

சௌந்தர்யா வாசல்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆலைப் பக்கமிருந்து காற்றில் கரும்புப்பாகு வாசம் வந்து வந்து போனது. உள்ளே நடக்கும் சண்டை, யாரோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவதுபோல் அவளுக்குக் கேட்டது.

பணம் கொடுத்தால் எந்தக் கணிப்பையும் எழுதி வாங்கலாம் என்று அப்பா சொன்னார். விஞ்ஞானத்தைக் குறை சொல்லக் கூடாது என்று மாமா சொன்னார். போன தேர்தலில் இதே அறையில் விஞ்ஞானம் அப்பாவின் பக்கம் இருந்தது. பணம் கொடுத்து எழுதினார்கள் என்று மேசையைத் தட்டியவர் மாமா. இருவருக்கும் அது நினைவில்லை.

பிறகு அப்பா அதைக் கேட்டார். இந்த ஊரில் யாரைக் கேட்டார்கள்? எவன் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னான்?

மாமா வாசல் பக்கம் திரும்பினார்.

"கேட்டவ இங்கயே உக்காந்திருக்கறா. நீ சொல்லு அம்மிணி, சனங்க நெசத்தச் சொல்றாங்களா இல்லியா?"

அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பெரும்பாலும் சொல்கிறார்கள் மாமா என்றாள் அவள்.

வாக்குப்பதிவு முடிந்து நாட்கள் ஆகியும் அன்றைய வெயில் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. கணிப்பு எடுக்கும் கம்பெனிக்காக அவள் கையில் டேப்லெட்டோடு நின்ற நாள் அது. பரமத்தியில் நிற்க வேண்டியவள். மோகனூருக்கு வர வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்று, விடியற்காலையில் அவளைச் சொந்த ஊருக்கே திருப்பிவிட்டார்கள்.

ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களில் பத்தாவது ஆளை நிறுத்திக் கேட்க வேண்டும். முகம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி.

பள்ளிக்கூட வாசலில் கானல் நெளிந்தது. அதற்குள்ளிருந்து மனிதர்கள் ஒவ்வொருவராக மிதந்து வந்தார்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த முகங்கள்தாம். ஆனால் மை வைத்த விரலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது எல்லோரும் அப்போதுதான் தூங்கி எழுந்தவர்கள்போல் இருந்தார்கள். எண்ணிக்கொண்டே இருந்ததில் அவளுக்கும் தூக்கம் போலத்தான் இருந்தது.

எட்டு. ஒன்பது.

பத்தாவதாக அப்பா வந்தார்.

அவரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கேட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் தானாகவே நின்றுவிட்டார், அவள் கேட்கத்தான் போகிறாள் என்பதுபோல.

அவள் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தாள். திரையில் இருந்ததையே படித்தாள். ஐயா, நீங்கள் எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தீர்கள்?

ஐயா என்றதும் அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த புளியமர நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார். அவள் தலையாட்டினாள். திரையைத் தொட்டாள். முன்பின் தெரியாதவரைப் போல் அவர் வெயிலுக்குள் இறங்கி நடந்து போனார்.

அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இருட்டத் தொடங்கியதும் மாமா எழுந்தார். ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு இனிப்போடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தோற்றவன் வாங்கி வருகிற இனிப்பு தித்திக்காது என்று அப்பா வாசல்வரை சத்தம் போட்டார். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தீர்த்தகிரி மாறவே மாட்டார் என்பதுபோல.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வீடு அமைதியானது. அப்பா தொலைக்காட்சியை அணைத்தார். வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கரை வேட்டியின் நுனியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இந்தத் தடவ சீட்டுக் குடுத்த ஆள நெனச்சா அதுல அமுத்த மனசு வல்ல, சாமி. மாமன் கட்சிக்கே போட்டுட்டேன்."

தெரியும் என்று அவள் தலையசைத்தாள்.

வேறு யார் கேட்டிருந்தாலும் மாற்றித்தான் சொல்லியிருப்பேன் என்றார். நாற்பது வருடம் கொடி பிடித்தவன், தெருவில் நின்று இதைச் சொல்ல முடியுமா? உன் மாமனிடம்தான் சொல்ல முடியுமா? நீ கேட்டாய், வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

காற்று மறுபடி பாகு வாசத்தைக் கொண்டுவந்தது. அவர் அதை இழுத்து மூச்சுவிட்டார்.

"நாஞ் சொன்னதும் அந்தக் கணக்குல சேந்திருக்குமில்ல?"

"சேந்திருக்குங்கப்பா."

அவர் திருப்தியோடு தலையை ஆட்டினார். இருண்ட தெருவைப் பார்த்துக்கொண்டு, அவ்வளவாகப் பொய்யில்லைதான் போலிருக்கிறது அந்தக் கணிப்பு என்றார்.

சௌந்தர்யா தன் ஆள்காட்டி விரலைப் புடவைத் தலைப்புக்குள் மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் சொன்ன சின்னத்தைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. அப்பாவை ஊரார் முன்னால் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது. அதனால் அவருடைய பழைய கட்சியையே தொட்டுவிட்டு, பதினொன்றாவது ஆளிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியிருந்தாள்.