அவள் வைத்த உயரம்

அலுவலக நாற்காலிகளைச் சோதிக்க வந்த பெண் சேந்தனின் மேசையருகே நின்றுவிட்டாள். தாழ்ந்த இருக்கையில் அவன் முழங்கால்கள் துருத்திக்கொண்டிருந்தன. தட்டச்சு செய்கையில் தோள்கள் காதுவரை ஏறின.

“எல்கேஜி நாற்காலில உக்காந்த மாதிரி இருக்கீங்க சார். கொஞ்சம் ஏத்திக்கலாமே?”

“இது பிரமிளா சீட். அவ வெச்ச உயரம்.”

“அவங்கள நான் கேட்டுக்கறேன். எந்த ஃப்ளோர்?”

“என் ஒய்ஃப். இதே ஆபீஸ்லதான் இருந்தா. போன ஆடியில தவறிட்டா.”

அவள் கையிலிருந்த சோதனைப் படிவத்தைப் பார்த்தாள். “சாரி சார். ஆனா முதுகு போயிடும். நான் சிவப்புன்னு போட்டா, நாளைக்கே ஆள் வந்து ஏத்திடுவாங்க.”

“போடுங்க.”

சேந்தன் எழுந்து குனிந்தான். இருக்கையை ஏற்றி இறக்கும் கைப்பிடியை இரு கைகளாலும் திருகி முறித்து, அவளுடைய படிவத்தின்மேல் வைத்தான். பிறகு முழங்கால்களை மடக்கி உட்கார்ந்து, விட்ட வரியிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினான்.