புள்ளி இருந்த இடம்

கறுப்புக் காரின் பின்கதவில் ஒரே ஒரு சொல் கீறியிருந்தது.

'தொட்டான்.'

மேகலா அதை நுரைக்கு நடுவில்தான் முதலில் பார்த்தாள். தூசியைத் துணியால் தொடாமல் தண்ணீரடித்தே இறக்கி, நுரை விட்டு, மேலிருந்து கீழாக ஒரே போக்கில் கையுறையை இழுத்துக்கொண்டு வந்தபோது எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

'ட்' மேலும் 'ன்' மேலும் புள்ளிக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வட்டம்.

அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

காருக்குச் சொந்தக்காரர் செந்தில்குமார். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேனேஜர். முன்கண்ணாடியில் கம்பெனி பாஸ் ஒட்டியிருந்தது. அந்தக் கம்பெனியின் பஸ் தினமும் காலையில் மேகலாவின் தெருமுனையில் நின்றுவிட்டுத்தான் போகும்.

ஆம்பூரிலேயே கொடுத்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று சத்துவாச்சாரியில் மேகலா வேலை பார்க்கும் கார் கழுவும் கடை வரைக்கும் ஓட்டி வந்திருந்தார். கம்பெனி பார்க்கிங்கில் யாரோ வேலையைக் காட்டிவிட்டார்கள், வீட்டுக்குப் போவதற்குள் இது போயாக வேண்டும் என்று கடைக்காரர் இன்பராஜிடம் சொன்னார். ஆனால் அழிப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு போட்டோ தேவைப்பட்டது. நாலைந்து தடவை அவரே எடுத்துப் பார்த்திருந்தார். தூசியும் வெயிலுமாக இருந்த கறுப்புக் கதவில் அவர் முகமும் போனும்தான் விழுந்தன.

"கழுவி முடிச்சதும் கூப்பிடும்மா. பொண்ணுங்க எழுதிக் குடுத்த லீவு லெட்டருங்க ஆபீஸ்ல கட்டுக்கட்டா கெடக்குது. எழுத்த வச்சிப் பாத்தா யாருன்னு தெரிஞ்சிடும்."

சொல்லிவிட்டு ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து கண்ணாடி வழியாகக் கார் தெரியும். அவளும் தெரிவாள்.

மேகலா துண்டை விரித்து ஈரத்தை ஒற்றி எடுத்தாள். கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டினாள். நகம் மாட்டவில்லை. ஹேர்பின்னால் கீறியிருக்க வேண்டும், மேல்பூச்சோடு நின்றிருந்தது. தேய்த்தால் போய்விடும்.

எந்த வண்டியானாலும் ஓர் ஓரத்தில் விரல் அகலத்துக்குத் தேய்த்துப் பார்த்த பிறகே பாலிஷ் மெஷினை வைக்க வேண்டும் என்பது இன்பராஜ் கடையில் சட்டம். பூச்சு எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் வைத்தால் பெயின்ட் எரிந்துவிடும்.

அவள் விரலில் துணியைச் சுற்றி, பட்டாணி அளவு பாலிஷ் பசையைத் தொட்டுக்கொண்டாள். ஏசி அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, 'ட்' மேல் இருந்த வட்டத்தைத் தேய்த்தாள். அது போனதும் 'ன்' மேல் இருந்ததைத் தேய்த்தாள்.

கதவுக்கு நடுவில் யாராவது தேய்த்துப் பார்ப்பார்களா என்று இன்பராஜ் வந்து கேட்டார். இங்கேதான் ஆழம் கம்மி என்றாள். அவர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் போய்விட்டார்.

அதன் பிறகே செந்தில்குமாரைக் கூப்பிட்டாள்.

கதவில் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் விழாமல் இருக்க, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு கறுப்புத் துண்டை விரித்துப் பிடித்தாள். அவர் போனைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுல புள்ளி இருந்த மாதிரி இருந்துச்சே?"

"தூசி சார். கழுவுனதுல போய்டுச்சி."

அவர் இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மேகலா மெஷினை வைத்தாள். குறைந்த வேகம். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நாலு இழுப்புக்கு ஒரு தடவை உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். அன்று உள்ளங்கையை எடுக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

முதலில் கொம்பு போனது. பிறகு 'டா'வின் கால். ஒவ்வொரு எழுத்தாகப் போக, அந்த இடத்தில் அவள் முகம் தெரிய ஆரம்பித்தது.

செந்தில்குமார் வந்து கதவைத் தடவிப் பார்த்தார். எதுவுமே நடக்காத மாதிரி ஆக்கிவிட்டாய் என்று மனசாரப் பாராட்டினார். தலையை ஆட்டினாள்.

கார் ரோடு ஏறும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தவள், போனை எடுத்துக்கொண்டு தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் போனாள். மணி ஆறு. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்பியிருக்கும்.

"பாரதி, நாளைக்கு நீ வேலைக்குப் போவாத."

அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

போன மாதம் பாரதி இதையேதான் சொன்னாள், போகலைம்மா என்று. ஏன் என்று மேகலா கேட்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு போய் அவளே பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். பெற்ற மகளின் சாடையைவிட அவளுடைய எழுத்து மேகலாவுக்குப் பழக்கம். தமிழ் டீச்சர் எத்தனை தடவை மார்க் குறைத்தும், கடைசி வரைக்கும் அவள் புள்ளியை வட்டமாகத்தான் போட்டாள்.

"அந்தக் கார் உங்கிட்டயா வந்துச்சி?" பஸ்ஸில் கூட வேலை செய்கிறவர்களுக்குக் கேட்காதபடி பாரதி குரலைத் தாழ்த்தினாள்.

"ம்."

"எழுத்து?"

"போய்டுச்சி."

மேகலா தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நீ வாயால சொல்லு. அம்மா கேக்குறேன்."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் பாரதி கேட்பது போனில் விழுந்தது.

அவள் இறங்க வேண்டிய இடம் வர இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது.