கயிறு நீங்கலாக

"மாடு மட்டுந்தான் தம்பி, கயிறு கெடையாது. புதுக்கயிறு நீங்கதான் கொண்டாந்திருக்கணும்."

தரகர் தங்கச்சாமி இப்படிச் சொன்னதும் முத்துப்பாண்டி திருதிருவென்று விழித்தான். அச்சங்குளம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்க்கிறவன். மாடு வாங்குவது இதுதான் முதல் தடவை.

"மாட்டோட கயிறும் போனா வீட்டு லச்சுமியும் கூடவே போயிருவான்னு சொல்லுவாக. அதனால விக்கிறவுக பழைய கயிற அவுத்து வச்சுக்கிடுவாக."

மாட்டுக்காரர் சின்னச்சாமி பசுவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். மகள் எவனோடோ சொல்லாமல் போய்விட, மனைவியும் இறந்த பிறகு அந்தச் செவலைப் பசுதான் அவருக்குப் பேச்சுத் துணை. ஆனைக்குட்டத்தில் மேய்ச்சல் நிலமெல்லாம் பட்டாசு ஷெட்டாகிவிட்டது, புல் அறுக்கப் போக முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. விற்றே ஆக வேண்டும். ஆனால் அடிமாட்டு லோடு ஏற்றுகிறவன் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது என்று பிடிவாதம். நான்கு பேரைத் திருப்பி அனுப்பியாயிற்று. இவனிடம்தான் நேற்று முன்பணமே வாங்கினார்.

"வீட்டுல யாரு பாத்துக்கிடுவா?" என்று இப்போதுதான் வாய் திறந்தார்.

"எங்க வீட்டுக்காரிதான் அய்யா. அவளும் கம்பெனிக்குத்தான் போறா. பிள்ளைக ரெண்டாச்சு, இனி கம்பெனி வேலை வேண்டாம், ஒரு மாட்டப் புடிச்சுக் குடுங்கன்னா. மாட்டுப் பக்குவம் அம்புட்டும் தெரியும் அவளுக்கு. வாதாயிய இறுக்கிப் புடிக்காதீக, செவலைக்குக் கோவம் வரும்னு சொல்லித்தான் அனுப்புனா."

"எதப் புடிக்காதீக?" என்றார் தங்கச்சாமி.

"வாதாயி. இந்தா, கழுத்துல கெடக்கே, இந்தக் கயிறுதான்."

தங்கச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமத்தூர்க்காரரான அவருக்கு முப்பது வருடத் தரகு. சந்தை களைகட்டிய நாட்களில், ஒருவன் மாட்டுக்கயிற்றுக்கு என்ன பேர் சொல்கிறான் என்பதை வைத்தே அவன் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார். தும்பு, தலைக்கயிறு, பிடிகயிறு, தாம்பு என்று அப்போது ஊருக்கு ஒரு பேர், காது குளிரக் கேட்கலாம். வேனில் ஏற்றி இறக்குகிற இந்தக் காலத்தில் கயிறு என்றால் எல்லாருக்கும் கயிறுதான். அதை நினைத்தால் அவருக்கு ஏக்கமாகவே இருக்கும்.

"நான் கேக்காத பேரா இருக்கே. எந்த ஊருச் சொல்லு தம்பி இது?"

"தெரியல அண்ணாச்சி." முத்துப்பாண்டி குனிந்துகொண்டான். "எங்க வீட்டுல அவ சொல்லுவா. இப்ப பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லுதுக."

சின்னச்சாமியின் கை பசுவின் முதுகிலேயே நின்றுவிட்டது.

"கம்பெனியில என்ன வேலை அவளுக்கு?"

"வெடிமருந்து கலக்குற ரூமு அய்யா. ஏழு வருசமா."

அடுத்தவன் பெண்டாட்டி வேலையை இவர் ஏன் விசாரிக்கிறார் என்று தங்கச்சாமிக்கு எரிச்சலாக இருந்தது. அதற்குள் சின்னச்சாமி விறுவிறுவென்று வீட்டுக்குள் போய் முன்பணத்தை எடுத்து வந்து முத்துப்பாண்டியின் சட்டைப் பையில் திணித்தார்.

"மாட்ட விக்கல."

"என்ன அண்ணாச்சி இது, பேச்சு பேச்சா இருக்க வேண்டாமா? இவனும் ஆகாதுன்னா வேற எவன் வருவான்?"

முத்துப்பாண்டி, இப்படி நடக்கும் என்று தெரிந்தே வந்தவன் மாதிரி வாசலை நோக்கித் திரும்பினான். சின்னச்சாமி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, பசுவைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து, கயிற்றை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"கயிறக் குடுக்காதீக அண்ணாச்சி," என்று பதறினார் தங்கச்சாமி.

"எந்த ஊருச் சொல்லுன்னு கேட்டியே தங்கச்சாமி, அது இந்த வீட்டுச் சொல்லு." சின்னச்சாமி பசுவின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். "கயிறக் கையில எடுத்ததும் நான் 'வா தாயி'ன்னு மாட்டக் கூப்புடுவேன். கயிறுக்கே அதான் பேருன்னு நாலு வயசுல அவ நெனச்சுக்கிட்டா. விக்கிற மாட்டுக்குத்தான் கயிறு கெடையாது. மகளுக்குப் போற சீரு, கயிறோடதான் போகணும்."