உறவு என்ற கட்டம்

சலூன் கண்ணாடிகளில் பட்ட வெயில் மேசைக் கணினியின் மேல் துள்ளுகிறது. தத்தெடுப்பு விண்ணப்பத்தை நிரப்பி, சேமித்து, மூடித் திறந்தால் கட்டமெல்லாம் கழுவிவிட்டதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. காலையிலிருந்து இதே கூத்து. முடிதிருத்துபவர் கையிலிருக்கும் சீப்பால் தன் தலையையே வாரிக்கொண்டு, "மறுபடியும் மொதல்லேருந்தா?" என்று முனகுகிறார். போனில் அவருடைய தம்பி கத்துகிறான்: "அண்ணி, நெட்ல தெறந்த மேனிக்கே நிரப்பாதீங்க. கம்ப்யூட்டர்ல எறக்கி வச்சுட்டு அதுல நிரப்புங்க!" முடிதிருத்துபவரின் மனைவிக்கு மட்டும் அலுப்பே இல்லை. இறக்கிவைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறாள். பெயர், வயது, முகவரி எல்லாம் மளமளவென்று ஓடுகின்றன. 'குழந்தைக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் விரல் நிதானமாகிறது. பூத்தொடுப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறாள்: தாய். சேமிக்கிறாள், மூடுகிறாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு திறக்கிறாள். எல்லாம் அப்படியே இருக்கிறது! "நின்னுடுச்சு, நின்னுடுச்சு!" என்று அவர் முடிவெட்டும் நாற்காலியில் குதித்து உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்ற, எதிரெதிர்க் கண்ணாடிகளில் ஓர் ஊரே சேர்ந்து சுற்றுகிறது. திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அவள் கேட்கிறாள்: "ஏங்க, அந்த ஒரு கட்டத்த மட்டும் அழிச்சுட்டு இன்னொரு தடவ அடிச்சுக்கட்டுமா?"