பதினொரு மணி டீ

எங்கள் அலுவலகத்தில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. மனம் பதறினால் அது சிவக்கும்; ரொம்பப் பதறினால் அலறும். யாரால் பதறியது என்று மேலிடத்துக்கும் சொல்லிவிடும்.

பதினொரு மணி டீக்கு அருள்விழி பக்கத்தில் வந்து நின்றால் என் பட்டை சிவக்கும். அது என்ன பதற்றம் என்று எனக்குத் தெரியும்; அவளிடம் சொல்லத்தான் தைரியமில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, என் நிம்மதிக்காக அவளைத் திருச்சிக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

கிளம்பும் நாளில் என் மேசைக்கு வந்தாள்.

"என்னால உங்களுக்கு டென்ஷனாமே. நான் அப்படி என்ன பண்ணேன், இனியன்?"

சொல்ல வாயெடுத்தேன். பாழாய்ப்போன பட்டை சிவந்து அலறியது.

"ஐயோ, சாரி. நான் போறேன், நீங்க ரிலாக்ஸா இருங்க" என்று அவசரமாக விலகிப் போய்விட்டாள்.

அலுவலகத்திலேயே நிம்மதியான ஆள் என்று இந்த மாதம் எனக்குக் கைதட்டினார்கள். டீயைத் தனியாகக் குடிக்கிறேன். பட்டை பச்சையாகவே இருக்கிறது.