மூவாரில் மட்டும் ஒழுகும் கார்

"நாம கிளம்பறதுக்குள்ள வாசல கழுவி விடறா பாத்தீங்களா? சனியன் தொலைஞ்சதுன்னு அர்த்தம்" என்றாள் கோமளா, காரில் ஏறாமலே.

அவள் கணவன் குணாளன் திரும்பிப் பார்த்தான். அவன் தங்கை கஸ்தூரி ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். விருந்தாளி தெருமுனை தாண்டுமுன் வீட்டைக் கழுவக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான்.

"ஏம்மா, நாங்க போனதுக்கு அப்புறம் கழுவக் கூடாதா?"

"உங்க டயர்ல வந்த சேறுண்ணே. அண்ணியா வந்து அள்ளப் போறாங்க?"

கோமளா காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

கார் மூவார் ஊர்ப் பாலத்தைக்கூடத் தொடவில்லை. அதற்குள் எஞ்சின் சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து தங்கை வீட்டுக்கே திரும்பி வந்தான் குணாளன்.

"அலமாக், மறுபடியுமா?" என்றபடி கேட்டைத் திறந்தான் கஸ்தூரியின் கணவன் சுகுமாறன்.

"மறுபடியும்தான் மாப்ள. ரேடியேட்டர்ல கூலன் தண்ணி துளிகூட இல்ல."

இதுதான் அந்தக் காரின் விசித்திரம். குணாளனின் ஊரான உலு திராமில் அவன் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் நாள் தவறாமல் ஓடும். ஒரு சொட்டு குறையாது. மூவாருக்கு வரும்போதும் ஒழுங்காக வரும். சாயங்காலம் திரும்பும்போதுதான் ரேடியேட்டர் காலியாக இருக்கும். அப்புறம் என்ன, ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும்.

தங்கினால் அண்ணியும் நாத்தனாரும் ஒரே குசினி. முதல் தடவை மீன் குழம்புக்குப் புளி போதுமா என்று ஆரம்பித்த பேச்சு கல்யாணச் சீர்வரிசை வரைக்கும் போய் நின்றது. அன்றிலிருந்து ஆண்கள் இருவரும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். கார் கெட்ட ராத்திரிகளில் பெண்கள் அடுப்புப் பக்கமே போகக் கூடாது. இவர்களே போய், இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்கும் சாத்தே கடையில் வரிசையில் நின்று வாங்கி வந்து, பரிமாறி, தட்டும் கழுவிவிடுவார்கள்.

அப்படியும் போன தடவை கோமளா சொல்லிவிட்டாள்: "இன்னொரு ராத்திரி அங்க தங்க வச்சீங்க, அப்புறம் மூவார் பக்கமே வர மாட்டேன்." கஸ்தூரியும் தன் கணவனிடம் ஏறக்குறைய அதையே சொன்னாளாம். குணாளனுக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு ஓட்டை ரேடியேட்டரால் அந்த உறவு அறுந்துவிடுமோ என்று அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அதனால் இந்தத் தடவை விடுவதாக இல்லை. பக்கத்துத் தெருவில் கார் பட்டறை வைத்திருக்கும் வேலுவைக் கையோடு அழைத்து வந்தான்.

வேலு மூடியைப் பார்த்தார். குழாய்களை அழுத்திப் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, காற்று அடித்துக் காத்திருந்தார். எங்கும் ஒழுகவில்லை.

"உலு திராம்ல ஒழுகலையா தம்பி?"

"இல்லண்ணே. இங்க மட்டும்தான்."

"வண்டிக்கு மூவார் பிடிச்சுப்போச்சு போல லா."

வாசற்படியில் இந்த மூலைக்கு ஒருத்தி, அந்த மூலைக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருந்த பெண்கள் சிரிக்கவில்லை.

வேலு டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே குரல் வந்தது.

"இந்தா இருக்கு. அடியில தண்ணி திறந்து விடற திருகு. கையால திருப்பினாலே சுத்துது."

"தானா எப்படிண்ணே லூசாகும்?"

"ரோட்டுல குழியா இல்ல? குலுங்கிக் குலுங்கி லூசாயிருக்கும். ஆனா இம்மாம் கூலன் தண்ணி போனா தரையில பச்சையா நிக்கணுமே. யாரும் பாக்கலையா?"

"எங்க பாக்கறது? என் தங்கச்சிதான் உடனே வாசல கழுவி விட்டுடுதே" என்றான் குணாளன், கோபத்தை அடக்கிக்கொண்டு.

வேலு திருகில் டேப் சுற்றி, இடுக்கியால் இறுக்கிவிட்டு வெளியே வந்தார். "முடிஞ்சுது. இனிமே யாரும் கையால அசைக்க முடியாது. கூலன் ஊத்திட்டேன், தைரியமா கிளம்புங்க."

குணாளனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "கோமளா, இனி நீ இங்க ஒரு ராத்திரிகூடத் தங்க வேணாம். கஸ்தூரி, உனக்கும் நிம்மதிம்மா."

இரண்டு பெண்களும் ஒன்றும் பேசவில்லை. பேச்சே வராத அளவுக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டான். வேலுவை வழியனுப்பிவிட்டு, கை கழுவ மாப்பிள்ளையோடு பின்பக்கம் போனான்.

அவர்கள் தலை மறைந்ததும் கஸ்தூரி எழுந்து வந்து கோமளாவை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போச்சே அண்ணி, அந்தத் திருகை இனி நம்மளால கையால திறக்க முடியாதே. இவங்க சாத்தே வாங்கப் போக, நாம நிம்மதியா பேசிட்டு இருக்கற ராத்திரி இனிமே எங்க கெடைக்கும்?"

கோமளா பின்பக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, ரப்பர் குழாயை எடுத்து நாத்தனாரின் கையில் கொடுத்தாள்.

"அழாத. வாசல இன்னொரு வாட்டி கழுவு. தண்ணிச் சத்தத்துல நான் டயர்ல காத்து எறக்கறது அவங்களுக்குக் கேக்காது."