ரெண்டுக்கு அப்புறம்

"ஏமய்யா தனக்கோட்டி, உன் பொண்ணு மகா பிடிவாதம். நாளையிலேர்ந்து அனுப்பாதே," என்றார், எல்லை பிரித்து ஊர் ஆந்திராவோடு போனபின் சூளூர்பேட்டையிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார்.

தனக்கோட்டி கல்லுடைக்கிறவன். மகளாவது நாலெழுத்து படிக்கட்டும் என்றிருந்தான்.

"இன்னா சார் பண்ணிச்சு?"

"ரெண்டு வரைக்கும் எண்ணுது. அப்புறம் வாயே திறக்கறதில்லே. வெல்லம்கூட கொடுத்துப் பார்த்துட்டேன்."

"எங்க, இப்ப கேளுங்க."

"ஒகட்டி," என்றார் வாத்தியார். பக்கத்தில் நின்ற மகள் செங்கம்மா கணீரென்று திருப்பிச் சொன்னாள்.

"ரெண்டு." அதையும் சொன்னாள்.

"மூடு."

உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"ஏன்டி சொல்ல மாட்டேன்ற?" என்று தனக்கோட்டி கை ஓங்கினான்.

"சாருதான நைனா மூடுன்றாரு."

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "தெலுங்குல மூணும்மா அது."

மறுநாளிலிருந்து அவர் அவளுக்காக ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். வகுப்பே கோரஸாக எண்ணியது: "ஒகட்டி, ரெண்டு, மூடு, தெறம்மா, நாலுகு..."